கண்ணாடியில் ஒரு மாட்டுத் தலை

அத்தியாயம் 9

கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் ஏ.சி.யில் காலை நீட்டிக்கொண்டு இளநீர் குடிக்கிற வண்டி என்றுதான் மூக்கு சார் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் காலையில் அந்த நினைப்பு சுத்தமாகப் போய்விட்டது. கேரவன் என்பது வீட்டில் உள்ள தொல்லைகளையெல்லாம் நாலு சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவது. குழாய் ஒழுகியது. ஒவ்வொரு வளைவிலும் அலமாரி தானாகத் திறந்து ஒரு தட்டைத் துப்பியது. படுக்கை அவரைவிடக் குட்டை. எல்லாவற்றுக்கும் மேலே சோப்பு வாடை. வண்டியை வாடகைக்கு விட்டவர் அதைக் கழுவிக் கழுவியே தேய்த்திருந்தார். வாசனையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார் என்று பெயர் வாங்கியவருக்கு நாலு நாளாக மூக்கில் சோப்பைத் தவிர வேறெதுவும் ஏறவில்லை.

"மாமா, தூக்கமா?"

"இல்ல. கண்ணை மூடிக்கிட்டு வருத்தப்பட்டுக்கிட்டிருக்கேன்."

"வருத்தம் எனக்கில்ல இருக்கணும்? இந்த சீட்டு பின்னாலயே போக மாட்டேங்குது. முழங்கால் ரெண்டும் ஸ்டியரிங்கை இடிக்குது. இன்னும் ரெண்டு நாள் ஓட்டினா காலாலயே ஹாரன் அடிக்கப் பழகிடுவேன்."

ஓட்டிக்கொண்டிருந்தவன் மனைவியின் தம்பி. துப்பறியும் ஆபீசில் உதவியாளன், வீட்டில் மச்சினன். இரண்டு இடத்திலும் வேலை ஒன்றுதான்: பேசுவது. சம்பளம் ஆபீசில், சாப்பாடு வீட்டில்.

ஜன்னலுக்கு வெளியே சூரியகாந்தி வயல் முடிந்து சோள வயல் வந்தது. சோளம் முடிந்து மறுபடி சூரியகாந்தி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மனிதத் தலை ஒன்றுகூட இல்லை. வெயில் நேராக முகத்தில் அடிக்காமல் இருக்க முதல் நாளே முன்கண்ணாடியின் உள்பக்கம் இடது மூலையில் செய்தித்தாளை ஒட்டி வைத்திருந்தார் மூக்கு சார். இந்நேரம் அதன் தலைப்புச் செய்தி அவருக்கு மனப்பாடம்.

போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். வண்டி வாடகைக்கு விட்ட யார்டு முதலாளி.

"சார், எங்க போயிட்டிருக்கீங்க? அந்த வண்டியில பிரேக் சரியில்ல சார். சொல்லிக்கிட்டே இருக்கேன், நீங்க கேக்கவே மாட்டேங்கறீங்க. கொண்டுவந்து விடுங்க. இதைவிடப் பெரிய வண்டியா எடுத்துட்டுப் போங்க. வாடகையில வித்தியாசமே வேண்டாம்."

"பிரேக் நல்லாத்தான் இருக்கு முதலாளி."

"உங்களுக்குத் தெரியாது சார். உள்ள தேஞ்சிருக்கும்."

"பார்க்கறேன்" என்று வைத்தார்.

"பாவம் மாமா, நம்ம உயிர் மேல எவ்வளவு அக்கறை! அக்காகூட நாலு நாள்ல இத்தனை தடவை கூப்பிடல."

"அவ எதுக்குக் கூப்பிடணும்? நிம்மதியா இருக்கா."

சிரிக்கக்கூட அலுப்பாக இருந்தது. சிரிக்கிற மாதிரி விஷயமும் இல்லை. நாளைக் காலை கோர்ட்.

போன ஞாயிற்றுக்கிழமை இருட்டுகிற நேரத்தில், வாய்க்கால் வளைவில் ஒரு வண்டி ஒரு மனிதரை அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அடிபட்டவர் மடைக்காரர், எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று மடை திறந்துவிடுகிறவர். போலீஸ் பிடித்தது அறுவடை மெஷின் டிரைவரை. அந்த நேரத்தில் அந்தச் சாலையில் தன் மெஷினோடு இருந்தது அவன் மட்டும்தான். அதற்கு முந்தின வாரம்தான் மடைக்காரர் ஒரு நாள் முன்னதாகவே தண்ணீரைத் திறந்துவிட்டதில் மெஷின் சேற்றில் புதைந்து பாதி நாள் நின்றுவிட்டது. "உன்னையும் இதுக்குள்ள விட்டு அறுத்துடுவேன்யா" என்று அவன் கத்தியதை நாலு வயல்காரர்கள் கேட்டிருந்தார்கள். கோபத்தில் வருகிற வார்த்தைதான். ஆனால் போலீசுக்கு அது போதும்.

அவன் சொன்னது ஒன்றே ஒன்று: "வெள்ளைக் கேரவன் ஒண்ணு என்னைத் தாண்டிப் போச்சு." வேறு யாரும் பார்க்கவில்லை. முட்டைப் பண்ணையில் முட்டை பிரிக்கிற அவன் மனைவி, நிறைமாதத்தில், மேடு ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து மூக்கு சாரின் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தாள். "அண்ணா, நாளைக்குப் பொறக்கப்போறது கொலைகாரன் பிள்ளைன்னு பேர் வாங்கக்கூடாது" என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பார்.

கேரவனைத் தேடக் கேரவனிலேயே போவது மூக்கு சாரின் யோசனை. கேரவன்காரர்கள் தங்குகிற தோப்புகளில் காரில் வருகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். இன்னொரு கேரவனைக் கண்டால் தானாக வந்து உப்பு கேட்பார்கள். கேட்டார்கள். நாலு நாளில் அரைக் கிலோ உப்புதான் போனது. கடற்கரைப் பக்கமாக ஒரு சுற்று சுற்றித் திரும்பியும் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வந்த கேரவன் ஒன்றுகூட இல்லை. அந்தச் சுற்று வட்டாரத்தில் கேரவன் வாடகைக்கு விடுகிற ஒரே யார்டும் முதல் நாளே போனில் கையை விரித்துவிட்டது. "சீசனே இல்ல சார். அந்த வாரம் முழுக்க எங்க வண்டி எல்லாம் கூரைக்கடியில தூங்கிட்டிருந்துச்சு."

மடைக்காரர் ஆஸ்பத்திரியில் கண் விழித்து ஒரு வார்த்தை சொன்னார். "மாட்டுத் தலை. கண்ணாடியில மாட்டுத் தலை." அதற்குள் மறுபடி மயக்கம். மருந்தின் உளறல் என்றார் டாக்டர். போலீஸ் அதை எழுதிக்கொள்ளவே இல்லை.

டீசல் போட நின்றபோதுதான் மச்சினன் அவர் கையைத் தட்டினான்.

"மாமா, அங்க பாருங்க. காண்டாமிருகத்துக்கு யாரோ ரசிகர் மன்றம் வெச்சிருக்காங்க."

பக்கத்தில் மாட்டுத் தீவன லாரி ஒன்று நின்றிருந்தது. அதன் கண்ணாடியின் இடது மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஸ்டிக்கர். நீண்ட முகம், இரண்டு காது, ஒற்றைக் கொம்பு.

மூக்கு சார் நிமிர்ந்தார். முதுகு நறுக்கென்றது. அதையும் பொருட்படுத்தாமல் லாரி டிரைவரிடம் போனார்.

"தம்பி, இது என்ன?"

"டிராக்டர் மியூசியம் சார். உள்ள வண்டி நிறுத்தினா அந்தம்மா இதை ஒட்டிட்டுத்தான் விடுவாங்க. மாட்டுத் தலையாம்."

"ஒரு கொம்புதானே இருக்கு?"

"அதை அந்தம்மாகிட்டயே கேளுங்க. நான் கேட்டேன், திட்டு வாங்கினேன்."

*

டிராக்டர் மியூசியம் என்பது வயலுக்கு நடுவே மூன்று தகரக் கொட்டகை. வாசலில் பழைய கலப்பைக் கொழுக்களை வளைத்து ஒரு வளைவு. முதல் கொட்டகையில் வரிசையாக டிராக்டர்கள், பெரியப்பா, சித்தப்பா என்று குடும்பப் படத்துக்கு நிற்கிற மாதிரி உயரவாரியாக நின்றன. இரண்டாவதில் வெண்ணெய் கடைகிற பீப்பாய்கள், முட்டை எடை போடும் தராசு, குதிரை இழுக்கிற அறுவடை வண்டி, ஓட்டை விழுந்த இரும்பு இருக்கைகள். மூன்றாவதிலிருந்து 'டொக்... டொக்' என்று சத்தம் வந்தது.

மியூசியத்தை நடத்துகிற அம்மாள் ஒரு பழைய கை அச்சு இயந்திரத்தின் முன்னால் நின்று நெம்புகோலை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு மாட்டுத் தலை விழுந்தது. இடுப்பில் சாவிக்கொத்து, குரலில் அதைவிட அதிகச் சத்தம்.

"செருப்பைக் கழட்ட வேண்டாம். ஆனா எதையும் தொடாதீங்க. என்ன வேணும்?"

"ஸ்டிக்கரைப் பத்திப் பேசலாம்னு..."

"கொம்பு எங்கன்னு கேக்கப் போறீங்களா?"

"கேக்கவே மாட்டோம்மா" என்றான் மச்சினன் அவசரமாக. "ஒரு கொம்புதான் அழகு. ரெண்டு இருந்தா கர்வம் வந்துடும்."

அம்மாளின் முகம் கொஞ்சம் இளகியது. "தீவனச் சாக்குக்கு அட்டை வெட்டற மெஷின் தம்பி இது. சும்மா காட்சிக்கு நிக்குதேன்னு நான்தான் மாட்டுத் தலை அச்சு செஞ்சு மாட்டினேன். கூரை வேலைக்காக மூணு மாசம் பூட்டிக் கெடந்துச்சு மியூசியம். போன சனிக்கிழமைதான் திறந்தோம், ஸ்டிக்கரும் அன்னிக்குத்தான் ஆரம்பிச்சேன். ஞாயித்துக்கிழமை கடைசியா பூட்டப் போற நேரத்துல படக்குனு வலது கொம்பு உடைஞ்சுடுச்சு. அச்சுக்காரன் இந்தா வர்றேன் அந்தா வர்றேன்னு ஏமாத்திக்கிட்டே இருக்கான். அதுவரைக்கும் ஒத்தைக் கொம்புதான். எல்லாரும் கேலி பண்றாங்க."

மூக்கு சார் உட்கார இடம் தேடினார். ஓட்டை விழுந்த இரும்பு இருக்கை ஒன்றில் உட்கார்ந்தார். அம்மாள் முறைத்தாள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஏதாவது கேரவன் வந்துச்சாம்மா? வெள்ளைக் கலர்ல?"

"வந்துச்சே. ஒரே ஒரு கேரவன். ரெண்டு வண்டி நிக்கற எடத்தை அதுவே அடைச்சுக்கிச்சு. மத்தியானம் வந்தாங்க, சாயங்காலம்தான் போனாங்க."

மச்சினன் மெதுவாக விசில் அடித்தான். நாலு நாள், அரைக் கிலோ உப்பு, உடைந்த முதுகு எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு வாலைப் பிடித்தாகிவிட்டது. மூக்கு சாருக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தோஷப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"வந்தவங்க யாருன்னு..."

"இருங்க, மொதல்ல உங்க வண்டிக்கு ஒட்டிட்டு வந்துடறேன். ஒட்டாம விட்டா அடுத்தவனும் எனக்கு வேண்டாம்பான்." ஒரு மாட்டுத் தலையையும் பசை டப்பாவையும் எடுத்துக்கொண்டு அம்மாள் விடுவிடுவென்று நடந்தாள். வெயிலில் இருவரும் பின்னால் ஓடினார்கள்.

"பசை கெட்டியா பிடிக்குமாம்மா? வாடகை வண்டி, திருப்பிக் குடுக்கணும்."

"பால் கேன்ல லேபிள் ஒட்டற பசை தம்பி. பனிக்கட்டித் தண்ணியில போட்டாலும் வராது. ஸ்டிக்கரைப் பிச்சாலும் பசை நிக்கும். சோப்பு போட்டுக் கழுவினா கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான், தொட்டா பிசுபிசுங்கும். சமையல் எண்ணெய் தடவினாத்தான் போகும்."

கேரவனின் முன்னால் போய் நின்றாள். "உள்ள இருக்கற அந்தப் பேப்பரை எடுங்க. அது இருந்தா ஸ்டிக்கர் தெரியாது."

மச்சினன் உள்ளே ஏறிச் செய்தித்தாளைக் கிழித்தான்.

அம்மாள் பசையைத் தொட்டுக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அட, ஏற்கெனவே ஒட்டியிருக்கே!"

மூக்கு சார் பார்த்தார். சுத்தமான கண்ணாடியாக யார்டை விட்டுக் கிளம்பிய வண்டி. நாலு நாளாகச் சோளக்காட்டுத் தூசி, கடற்கரை மணல், சுண்ணாம்புச் சாலைப் பொடி எல்லாம் அதன் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. மற்ற இடத்தில் தூசி பறந்து போயிருந்தது. பசை இருந்த இடத்தில் மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டு, பொறுமையாக ஒரு படம் வரைந்திருந்தது. நீண்ட முகம். இரண்டு காது.

இரண்டு கொம்பு.

வண்டிக்குள்ளிருந்து மச்சினன் கண்ணாடி வழியாக அதையே பார்த்தான். மாட்டு முகத்துக்குள் அவன் முகம் சரியாகப் பொருந்தியிருந்தது.

"மாமா" என்றான். "நாம தேடற வண்டியில ஏறித்தான் நாம அந்த வண்டியைத் தேடிட்டிருந்தோமா?"

"ஆமா."

"வெளிய சொல்லிக்காதீங்க மாமா. தொழில் போயிடும்."

மூக்கு சார் முனகியபடி மண்டியிட்டு இடது முன் விளக்கைப் பார்த்தார். காலைப் பனியில் அந்த ஒரு விளக்கு மட்டும் பிரகாசமாக எரிகிறதே என்று இரண்டு நாள் கேலி பேசிக்கொண்டு வந்திருந்தார்கள். வலது விளக்கின் திருகுகள் துருப்பிடித்திருந்தன. இடது விளக்கின் திருகுகள் புத்தம் புதிதாகப் பல்லைக் காட்டின. பம்பரின் அந்த மூலையில் பெயிண்ட் ஒரு சாயல் வெளுப்பு. மச்சினன் கீழே இறங்கி, பழக்கதோஷத்தில் கண்ணாடியைத் துடைக்கத் துண்டை எடுத்தான். மூக்கு சார் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"தொட்டே, உங்க அக்காவை விதவையாக்கிட்டுத்தான் விடுவேன்."

"அதுக்கு நீங்கதானே மாமா சாகணும்?"

"ரெண்டு பேரும் சாவோம். பேசாம இரு." எழுந்து அம்மாளைப் பார்த்தார். "அந்தக் கேரவன்ல வந்தவர் எப்படி இருந்தார்?"

"விளக்குக் கம்பம் மாதிரி உயரம். கை சும்மாவே இருக்காது. தொடாதீங்கன்னு நான் கத்திக்கிட்டே இருக்கேன், அந்தாளு கர்சீப்பை எடுத்து என் டிராக்டரைத் துடைக்கறார்! தூசியாம். மியூசியத்துல தூசி இல்லாம வேற என்ன இருக்கும்?"

"சோப்பு முதலாளி!" மச்சினன் குதித்தான். "கூரைக்கடியில தூங்கின வண்டியாம்! என்ன மூளை பாருங்க மாமா. போலீஸ் யார்டுக்கு வந்து பார்த்தா வண்டி இருக்காது, நாம வெச்சிருப்போம். நாளைக்கு ஏதாவது கண்டுபிடிச்சாலும் நாம இடிச்சதாச் சொல்லிடலாம். நம்ம தலையிலயே கட்டிட்டான்!"

மூக்கு சாருக்கு ஏதோ இடித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு கலப்பைக் கொழு வளைவின் நிழலுக்குப் போனார்.

"அப்படின்னா எதுக்கு மாப்ளே நாலு நாளா வண்டியைத் திருப்பிக் குடு, திருப்பிக் குடுன்னு உயிரை வாங்கறான்? தலையில கட்டினவன் ஓடத்தானே பார்ப்பான்?"

மச்சினனின் வாய் திறந்தபடி நின்றது. அபூர்வமான காட்சி.

"நாம வண்டி எடுக்கப் போனப்ப அவன் யார்டுலயே இல்ல. யோசிச்சுப் பாரு. சாவி யாரு குடுத்தது?"

"அந்தப் பொண்ணு. முதலாளி மக."

"முன்வரிசையில மூணு வண்டி தயாரா நின்னுச்சு. நீகூட அதுல ஒண்ணைக் கேட்டே."

"ஆமா. ஜன்னல்ல பூப் போட்ட திரை இருந்துச்சு. அது வேண்டாம் சார்னு சொல்லிட்டு, பின்னால ஷெட்டைத் திறந்து இதை வெளிய எடுக்கச் சொல்லுச்சு. அதுகூட வண்டியை எடுக்கல. என்னைத்தான் எடுக்கச் சொல்லுச்சு. சாவியை மேஜை மேல வெச்சுட்டு கையைக் கட்டிக்கிட்டு..." மச்சினனின் குரல் தேய்ந்தது. குனிந்து தன் முழங்காலைப் பார்த்தான். அதில் நாலு நாளாக ஸ்டியரிங் இடித்த நீலத் தழும்பு. "மாமா. எனக்கே முழங்கால் இடிக்குது. விளக்குக் கம்பம் உயர முதலாளி இந்த சீட்டுல எப்படி ஓட்டியிருப்பார்?"

மூக்கு சார் அம்மாளிடம் திரும்பினார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். கேட்கத்தான் மனம் வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை அந்த வண்டியை ஓட்டிட்டு வந்தது யாரும்மா?"

"பொண்ணுதான். குள்ளமா, சின்னப் பொண்ணு. அவ்வளவு பெரிய வண்டியை இந்த வளைவுக்குள்ள கொண்டுவர எத்தனை தடவை முன்னால பின்னால போச்சு! கடைசியில உள்ள வந்ததும் அந்தாளு இறங்கிக் கை தட்டினார். எம் பொண்ணு பாருங்க, இனிமே யார்டு அவளோடதுன்னு என்கிட்ட சொன்னார். போறப்பவும் அதான் ஓட்டுச்சு." அம்மாள் நிறுத்தினாள். "எதுக்குக் கேக்கறீங்க? நல்ல பொண்ணுங்க அது. அந்தாளு துடைச்சதுக்கு என்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போச்சு."

மச்சினன் தரையைப் பார்த்தான். மூக்கு சார் போனை எடுத்தார். யார்டு நம்பர். இரண்டாவது மணியிலேயே எடுக்கப்பட்டது.

"யார்டு. சொல்லுங்க."

"அம்மா, உங்க கேரவனை வாடகைக்கு எடுத்தவன் பேசறேன். டிராக்டர் மியூசியம் வாசல்ல நிக்கறேன்."

எதிர்முனையில் நாற்காலி நகர்கிற சத்தம். கதவு சாத்துகிற சத்தம். பிறகு நீளமாக ஒரு மூச்சு.

"நாலு நாள் ஆயிடுச்சே சார்" என்றாள். "மூக்கு சார், மூக்கு சார்னு ஊரே சொல்லுச்சு. வண்டியில ஏறி உக்காந்ததுமே கண்டுபிடிச்சுடுவீங்கன்னு நினைச்சேன். கடல் பக்கம் போனீங்கன்னதும் எனக்கு ஒண்ணுமே புரியல."

முப்பது வருஷத்தில் எத்தனையோ பேர் அவரைத் திட்டியிருக்கிறார்கள். இப்படி யாரும் திட்டியதில்லை.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா."

"அப்பா தன் தலையில என் கையை வெச்சு சத்தியம் வாங்கிட்டார் சார். யார்கிட்டயும் பேச மாட்டேன்னு. நான் பேசல. ஆனா சாவி குடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணல."

மூக்கு சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"வளைவுல திடீர்னு வந்துட்டார் சார். பிரேக்கை மிதிக்கறதுக்குள்ள... நிறுத்தறேன் நிறுத்தறேன்னு கத்தினேன். அப்பா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, போ போன்னார். மறுநாள் காலையில பார்த்தா லைட்டு புதுசா இருக்கு, பம்பர் புதுசா இருக்கு, வண்டி பளபளன்னு இருக்கு. ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு. அதைத்தான் சார் என்னால பார்க்க முடியல." மூக்கை உறிஞ்சினாள். "அவர் எப்படி இருக்கார்?"

"பிழைச்சுக்குவார்னு டாக்டர் சொல்றார். இன்னும் பேச்சு சரியா வரல."

"அந்த மெஷின் டிரைவர்?"

"நாளைக்குக் காலையில கோர்ட்டு. அங்கேருந்து பெரிய ஜெயில்."

"நான் வர்றேன் சார். ஆனா என்னால ஓட்ட முடியாது. ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை உதறுது. அப்பா கூட்டிட்டு வர மாட்டார். நீங்க வந்து..."

அதற்குள் கதவு படாரென்று திறக்கிற சத்தம். இழுபறி. "குடுங்கப்பா, நான் பேசிட்டிருக்கேன்." "நீ உள்ள போ." பிறகு முதலாளியின் குரல், மூச்சிரைக்க.

"சார். நான்தான் ஓட்டினேன். எழுதிக்குங்க. எங்க வேணா கையெழுத்துப் போடறேன். வண்டியை எடுத்துட்டு வாங்க, ஸ்டேஷனுக்கு நானே வர்றேன். அவ உளர்றா."

"முதலாளி, மியூசியத்துல இறங்கிக் கை தட்டினது நீங்கதானே? போறப்பவும் பொண்ணுதான் ஓட்டுச்சாமே?"

பின்னணியில் பெண் விசும்புவது கேட்டது.

"அவ எனக்கு ஒரே பொண்ணு சார்." குரல் உடைந்து, ஒரு பெரிய மனிதரின் குரலாகவே இல்லை. "சின்னப் பொண்ணு. வாழ்க்கை முழுக்க இது அவ மேல கெடக்கும்."

"இப்பவும் அவ மேலதான் கெடக்கு. நீங்க துடைச்சதுல போகல." மூக்கு சாருக்குக் கத்தத் தெம்பில்லை, அதனாலேயோ என்னவோ வார்த்தைகள் தணிவாகவே வந்தன. "உங்க பொண்ணு செஞ்சது விபத்து. தெரியாத வளைவுல யாருக்கும் நடக்கும். நிறுத்தாம போனது உங்க முடிவு. உங்களுக்குப் பதிலா உள்ள இருக்கறவன் நாளைக்கு அப்பா ஆகப்போறான் முதலாளி. அவனை வெளிய விடணும்னா நடந்தது நடந்த மாதிரியே தெரியணும். இன்னொரு பொய்யை வெச்சு முதல் பொய்யை மூட வேண்டாம். ரெண்டு மணி நேரத்துல வாசல்ல இருப்பேன். ரெண்டு பேரும் தயாரா இருங்க."

எதிர்முனையில் நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு போன் கை மாறியது.

"அவர் உக்காந்துட்டார் சார்" என்றாள் பெண். "நான் சட்டை மாத்திட்டு வாசல்ல நிக்கறேன்."

*

மியூசியத்து அம்மாள் ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தாள். "நான் போலீஸ்ல வந்து சொல்லணுமா?" என்றாள். ஆமாம் என்றதும் அச்சு இயந்திரத்திலிருந்து உடைந்த கொம்பைத் தேடி எடுத்து, கர்சீப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சாவிக்கொத்தைக் கழற்றிக் கொட்டகையைப் பூட்டப் போனாள்.

மச்சினன் ஓட்டுநர் இருக்கையில் ஏறப் போனான். மூக்கு சார் அவன் தோளைத் தொட்டார்.

"நகரு. நான் ஓட்டறேன்."

"உங்க முதுகு?"

"உன் முழங்காலைவிட மோசமில்ல."

ஏறி உட்கார்ந்தார். கிளம்புவதற்கு முன் இன்னொரு போன் பேச வேண்டியிருந்தது. முட்டைப் பண்ணையின் இரைச்சலுக்கு நடுவே மெஷின் டிரைவரின் மனைவி எடுத்தாள். விளக்குப் பெட்டி மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்து உள்ளே பார்க்கிற வேலை. பேசும்போதும் கை நிற்கவில்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

"அண்ணா?"

அவர் சொன்னார். சுருக்கமாக, எதையும் பூசாமல், பெண்ணையும், அவளைத் தானே வண்டியில் கூட்டிவரப் போவதையும் சேர்த்தே சொன்னார். முட்டைச் சத்தம் நின்றுவிட்டது.

"அப்ப அவர் வந்துடுவாரா?"

யாருக்கும் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை என்பது மூக்கு சாரின் தொழில் விதி.

"வந்துடுவார்மா."

"அந்தப் பொண்ணு நாளைக்குக் கோர்ட்டுக்கு வருதா?"

"வருது. வந்தாத்தான் அவர் வெளிய வர முடியும்."

"நான் அது முகத்தைப் பார்க்க மாட்டேன் அண்ணா." குரலில் கண்ணீர் இல்லை, காய்ந்து கிடந்தது. "அஞ்சு ராத்திரி நான் சுவரைப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன். பார்க்கவே மாட்டேன்."

"சரிம்மா."

"ஆனா..." என்று இழுத்தாள். யாரோ பின்னால் அவளைக் கூப்பிட்டார்கள். வர்றேன் என்று கத்திவிட்டு மறுபடி வாயருகே போனைக் கொண்டுவந்தாள். "மெதுவா ஓட்டிட்டு வாங்க. அது பயந்திருக்கும்."